இடக்கை நிற்கும் இடம்

டார்ட்ஸ் என்னும் விளையாட்டைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று சில நாட்கள் மண்டையை உடைத்துக்கொண்டோம். அம்பை எய்கிறோம், வேலை எறிகிறோம். இதுவோ வில் இல்லாமல் கையால் எறியப்படும் அம்பு. எய்தலுக்கும் எறிதலுக்கும் இடையில் மாட்டிக்கொண்ட பொருள். 'சிற்றம்பு' என்று பெயர் வைத்துப் பார்த்தோம். புளியங்குடியில் ஒரு பிள்ளைகூட அதை ஏற்கவில்லை. அவர்களுக்கு அது 'டாட்டு'. தமிழாசிரியர்கள் சூட்டும் பெயர்களுக்கு நேர்வது வழக்கமாக இதுதான்.

நண்பர் ஒருவரின் தம்பி வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தபோது அந்தப் பலகையைக் கொண்டுவந்தார். எலுமிச்சை மூட்டைகள் அடுக்கும் கொட்டகைச் சுவரில் அது மாட்டப்பட்டது. மாலையில் சரக்கு லாரி போனபின் நாங்கள் நான்கைந்து பேர் கூடுவோம். பலகையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 5 அடி 8 அங்குலம் (1.73 மீட்டர்) உயரத்தில் இருக்கவேண்டும், எறிபவர் நிற்கும் கோடு பலகையின் முகத்திலிருந்து 2.37 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும். சணல் கயிற்றால் நண்பர் அளந்தார், சுண்ணாம்பால் கோடு போட்டார். கற்றாழையைப் போன்றதொரு செடியின் நாரை இறுக்கிச் செய்த பலகை அது. அம்பைப் பிடுங்கியதும் துளை தானாக மூடிக்கொள்கிறது.

எப்படி நிற்பது என்பதில்தான் சிக்கல் தொடங்கியது. மாங்காய்க்குக் கல்லெறிந்து வளர்ந்தவர்கள் நாம். வலக்கையால் எறியும்போது இடக்கால் முன்னே போகும், இடுப்பு திரும்பும், தோளிலிருந்து வேகம் பிறக்கும். 1795இல் சின்ன மருதுவிடம் வேலெறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டதாக ஆங்கிலப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 1830இல் வெளியான நூல் அது. (ஆறே ஆண்டுகளில், 1801இல், அதே மருதுவை எதிர்த்த போரிலும் அவர் இருந்தார் என்பது தனிக்கதை.) அந்த வளரியும் தோளைச் சுற்றி வீசப்படுவதுதான். டார்ட்ஸ் இவை எல்லாவற்றுக்கும் நேர்மாறு. எறியும் கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக் காலே முன்னே நிற்கவேண்டும். உடல் அசையக்கூடாது, தோளும் அசையக்கூடாது. முழங்கை மட்டும் கதவுக் கீல் போல மடங்கி விரியும். சிலர் நெஞ்சைப் பலகைக்கு நேராகக் காட்டி நிற்கிறார்கள், சிலர் முழுதும் பக்கவாட்டில், பலர் இரண்டுக்கும் நடுவில் சாய்வாக. இதில் சரி, தவறு என்று ஒன்றும் இல்லை. அரைமணி நேரம் நின்றாலும் இடுப்பு முறையிடாத நிலை எதுவோ அது நம் நிலை.

பிடிப்பும் அப்படியே. அம்பை ஒரு விரல்மேல் கிடத்தினால் எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறதோ, அதை ஒட்டிக் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றாலும் பிடிக்கவேண்டும். நழுவக்கூடாது, நசுக்கவும் கூடாது. சாக்பீஸ் பிடிப்பதைப் போலத்தான். இருபது ஆண்டுகளாகச் சாக்பீஸ் பிடிக்கும் கைக்கு இது எளிதாக வந்திருக்கவேண்டும். வரவில்லை. நம் வலக்கை அம்பை விடுவதற்கு முன் ஒரு கணம் யோசித்தது. அந்த ஒரு கணத்தில் அம்பு சுவருக்குப் போனது.

எரிக் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயர் 1980க்கும் 1986க்கும் இடையில் ஐந்து முறை உலக வாகையர் ஆனவர். அவருக்கே பின்னாளில் அம்பு விரலைவிட்டுப் போக மறுத்தது. அதற்கு 'டார்டைட்டிஸ்' என்று ஒரு பெயரே உண்டு. அவ்வளவு பெரிய நோய்க்கு நாம் தகுதியானவர் அல்லர். நம் கதை வேறு.

நாம் பிறவியில் இடக்கைக்காரர். ஒன்றாம் வகுப்பில் ஓர் ஆசிரியர் அடிக்கோலை நிமிர்த்திப் பிடித்து, இடக்கை முட்டியில் நாள்தோறும் அடித்து, எழுத்தை வலக்கைக்கு மாற்றினார். அம்மாவுக்கும் அதில் உடன்பாடுதான். 'வலம்' என்றால் வலிமை, வெற்றி என்றும் பொருள் தந்த மொழி, எதிர்ப்பக்கத்துக் கையை 'நொட்டாங்கை' என்று வழக்கில் இளக்காரம் செய்தது. மாறாமல் எஞ்சியது கோலிக்குண்டு ஒன்றுதான். கட்டைவிரலை மண்ணில் ஊன்றி, இடக்கை நடுவிரலை வில்லாக வளைத்துத் தெறித்தால் குழி தப்பாது. தெருவில் அடிக்கோல் இல்லை.

இதை நண்பர்களிடம் சொன்னதில்லை. கணிதத்துறை நண்பர்தான் ஒருநாள், "சார், நீங்க போர்டு அழிக்கிறது இடது கைல. அதுல எறிஞ்சு பாருங்க" என்றார். இடக்காலை முன்வைத்ததும் உடல் தானாகச் சாய்ந்து அமர்ந்தது. எறிந்த மூன்றும் நடுப்புள்ளியைத் தொடவில்லை. ஆனால் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் கூட்டமாகக் குத்தி நின்றன. தொடக்கத்தில் இலக்கைவிட இந்தக் கூட்டம்தான் முக்கியம். மூன்று அம்பும் ஒரே இடத்துக்குப் போகிறதென்றால் கை ஒரே வேலையைச் செய்கிறது என்று பொருள். அப்புறம் குறியை நகர்த்திக்கொள்ளலாம். அன்று நமக்கு மகிழ்ச்சியைவிடக் கோபமே மிகுதியாக வந்தது. நாற்பது ஆண்டுகள் எழுதிய எழுத்தெல்லாம் யாருடைய கையால் எழுதியது?

கோபத்துக்கு உடனடிக் காரணமும் இருந்தது. மகளுக்கு ஏழு வயது. அவளும் இடக்கையால் எழுதுகிறாள். அம்மா தினமும் பென்சிலைப் பிடுங்கி மறு கையில் வைத்துக்கொண்டிருந்தார். அன்று இரவு, "அவ கைய மாத்தாதீங்கம்மா" என்றோம்.

"ஏய்யா, நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போற புள்ளல்லா" என்றார் அம்மா.

"போற வீட்டுலயும் அந்தக் கையாலதான் எழுதுவா."

அம்மா நம் இடக்கையை ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்து போனார். பென்சில் விஷயம் அத்தோடு முடிந்தது. சோறு உண்ணும் கை பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை. அதில் நாமும் அம்மா பக்கம்தான் என்று மனைவி சொல்கிறார்.

இரும்பு முனை அம்பு குழந்தைகளுக்கு ஆகாது. தென்காசியில் காந்தமுனை வைத்த சிறிய பலகை ஒன்று வாங்கி, மகளின் கண்ணுயரத்துக்குக் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறோம். "எப்படிப்பா நிக்கணும்?" என்று கேட்டாள். கால் வலிக்காமல் எப்படி வருகிறதோ அப்படி நில் என்றோம். நெஞ்சை நேராகக் காட்டிக்கொண்டு, இரண்டு காலையும் சேர்த்துவைத்து நின்றாள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத நிலை அது. நாம் ஒன்றும் சொல்லவில்லை.