கொள்ளளவும் கேள்வியும்

ஒரு பொருளைப் பற்றி அதனை விற்போர் கூறுவது ஒன்று. அதனை வாங்கிப் பல்லாண்டு கையாண்டோர் கூறுவது பிறிதொன்று. விற்போர் அளவைக் கூறுவர். உடையோர் அனுபவத்தைக் கூறுவர். இசை கேட்பதற்கான கையடக்கக் கருவி ஒன்றைப் பற்றி அதனை உடையோர் கொண்டுள்ள அபிப்பிராயங்களையும், அவர்களுள் ஒருவனாகிய எனது அபிப்பிராயத்தையும் இங்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன். அக்கருவி 160 ஜிகாபைற் கொள்ளளவுடைய ஐபொட் கிளாசிக் என்பதாகும். இன்று அது உற்பத்தியில் இல்லை. எனினும் அதனைக் கைவிடாதோர் பல நாடுகளிலும் உளர். கடைகள் மறந்துவிட்ட ஒரு பொருளை உடையோர் மறவாதிருப்பதன் காரணம் யாது என்பது சிந்தித்தற்குரியது.

முதலில் அதன் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். சுழலும் வன்தட்டிலே பாடல்களைச் சேமித்துக் கையோடு கொண்டு செல்லும் கருவிகள் ஐபொட்டுக்கு முன்னரும் இருந்தன. சிங்கப்பூரைச் சேர்ந்த கிரியேட்டிவ் நிறுவனம் 2000ஆம் ஆண்டிலே 6 ஜிகாபைற் கொள்ளும் கருவியொன்றை வெளியிட்டது; ஆயின் அது இறுவட்டுக் கருவியொன்றின் பருமன் உடையதாயிருந்தது. 2001 ஒக்டோபரில் அப்பிள் நிறுவனம், தோஷிபா ஆக்கிய 1.8 அங்குல வன்தட்டைப் பயன்படுத்தி, 5 ஜிகாபைற் கொண்ட முதலாவது ஐபொட்டை அறிமுகஞ் செய்தது. ஆயிரம் பாடல்களைச் சட்டைப்பையிலே வைத்துக்கொள்ளலாம் என்பதே அதன் விளம்பரம். 2007 செப்டெம்பரில் கிளாசிக் என்னும் பெயரோடு வந்தவற்றுள் பெரியது 160 ஜிகாபைற் கொண்டது. ஆயிரம் என்ற எண் நாற்பதாயிரமாயிற்று. 2014 செப்டெம்பரில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. அதற்கு வேண்டிய உறுப்புகள் எங்கும் கிடைக்கவில்லை என்று அந்நிறுவனத்தின் தலைவர் ரிம் குக் காரணங் கூறினார். 2022 மே மாதத்தில் ஐபொட் வரிசை முழுவதுமே முடிவுக்கு வந்தது.

நாற்பதாயிரம் பாடல்கள் என்பது எத்தகையதோர் அளவு? பாடல் ஒன்றுக்கு நான்கு நிமிடம் எனக் கொண்டால், மொத்தம் ஒரு இலட்சத்து அறுபதாயிரம் நிமிடங்களாகும். ஊணும் உறக்கமும் இன்றித் தொடர்ந்து கேட்பவனுக்கு 111 நாட்கள் வேண்டும். நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் கேட்பவனுக்கோ மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். கருவியின் கொள்ளளவு இவ்வாறு பெருகியபோது காதின் கொள்ளளவு சிறிதேனும் பெருகவில்லை. உடையோரின் அபிப்பிராய பேதங்கள் அனைத்தும் இந்த முரண்பாட்டிலிருந்தே பிறக்கின்றன எனலாம்.

பௌதிகவியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் அக்கருவியின் பெருமையைச் சொல்லச் சலிப்பதில்லை. பயணம் புறப்படுமுன் எதை எடுப்பது, எதை விடுவது என்று தடுமாற வேண்டியதில்லை. எல்லாம் கையில் உள என்பது அவர் கட்சி. முன்புறத்திலுள்ள வட்டச் சக்கரத்தைப் பையினுள்ளே கைவிட்டுக் கண்ணால் நோக்காமலே இயக்கலாம் என்பதையும், தொலைபேசியைப் போல அது நடுவிலே மணியடித்து அழைப்பதில்லை என்பதையும் அவர் சேர்த்துக் கூறுவார். மொழியியல் துறையைச் சேர்ந்த மற்றொரு நண்பர் இதற்கு நேர்மாறானவர். எல்லாம் கையில் இருப்பதனாலேயே எதனையும் முழுமையாகக் கேட்க முடிவதில்லை என்பது அவர் வாதம். பத்துக் கசற்றுகள் மாத்திரம் வீட்டில் இருந்த காலத்தில் ஒவ்வொரு பாடலின் இடையிசையும் தமக்கு மனப்பாடமாயிருந்தது என்றும், இப்பொழுது அரை நிமிடத்திலேயே விரல் அடுத்த பாடலைத் தேடுகின்றது என்றும் அவர் சொல்வார்.

இவ்விரு கூற்றுகளிலும் உண்மை உண்டு. கருவியின் அமைப்பைப் பற்றிய குறைகளும் பொதுவாகச் சொல்லப்படுவனவே. வன்தட்டு சுழலும் பொறியாதலால் கீழே விழுந்தால் பழுதுறக்கூடும். பற்றரியை உடையவர் எளிதில் மாற்ற இயலாது. பாடல்களைச் சேர்ப்பதற்குக் கணினியின் துணை வேண்டும். இக்குறைகளை அறிந்தும் அதனைப் பேணுவோர், உள்ளேயிருக்கும் வன்தட்டை அகற்றி, அசையும் உறுப்பற்ற நினைவக அட்டைகளைப் பொருத்திக்கொள்கின்றனர். இத்துணை சிரமம் எடுப்பதற்கு எண்ணிக்கைப் பெருமை மாத்திரம் காரணமாயிருக்க முடியாது.

எனது அனுபவம் இதற்கு ஒரு விடை தந்தது. கனடாவிலிருந்து வந்த மைத்துனர் தாம் பயன்படுத்திய கருவியை 2015ஆம் ஆண்டில் என்னிடம் தந்து சென்றார். அதனுள் நான் முதலில் இட்டவை திரைப்பாடல்கள் அல்ல. எனது அம்மான் பதிந்து வைத்த கசற்றுகளே.

அம்மான் ஆலயத் திருவிழாக்களில் நாதஸ்வரக் கச்சேரிகளைத் தேடிச்சென்று கேட்பவர். 1975இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி அவர்களின் வாசிப்பை நேரில் கேட்டும் அதனைப் பதிந்து வைக்கக் கருவியில்லாமற் போயிற்றே என்ற ஏக்கம் அவருக்கு இறுதிவரை இருந்தது. பின்னர் ஒலிப்பதிவுக் கருவியொன்றை வாங்கி, 1980களின் முற்பகுதியில் ஊர்க் கோயில்களின் வீதிகளிலே இரவிரவாகப் பதிந்தார். தொண்ணூறு நிமிடக் கசற்றின் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடமே ஓடும். பக்கம் முடிந்ததும் அதனைப் புரட்டிப்போட வேண்டும். தவில் தனி உச்சத்தை அடையும் வேளையில் நாடா முடிந்துவிடுவதும் உண்டு. அருகிலே கைவிளக்கைப் பிடித்தபடி இருந்த சிறுவன் நான். “தம்பி, சுத்துதோ பார்” என்று ஒவ்வொரு பக்கத்தின் தொடக்கத்திலும் அவர் கேட்பார்.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் ஊரை விட்டு நீங்கியபோது, பிஸ்கற் தகரமொன்றினுள் அடைத்து அவர் எடுத்துச் சென்றவை இருபத்தாறு கசற்றுகள். எஞ்சியவை வீட்டோடு போயின. அவரும் இப்பொழுது இல்லை.

அந்த இருபத்தாறும் முப்பத்தொன்பது மணித்தியாலம் ஓடுவன. அவற்றைக் கணினியில் ஏற்றும்பொழுது ஒரு வினா எழுந்தது. எம்.பி.3 போன்ற முறைகளில் ஒலியைச் சுருக்கினால் அவை 2 அல்லது 3 ஜிகாபைற்றுள் அடங்கும். ஆனால் அம்முறைகள், மனிதச் செவிக்கு எட்டாது எனக் கருதப்படும் ஒலிக்கூறுகளை நீக்கியே சுருக்குகின்றன. இறுவட்டின் தரத்தில் எதையும் நீக்காது வைப்பதாயின் ஏறத்தாழ 25 ஜிகாபைற் வேண்டும். முதலாவது ஐபொட்டில் அதற்கு இடமே இல்லை. என்னிடமிருந்த கருவியிலோ அது ஆறில் ஒரு பங்கைக்கூட நிரப்பவில்லை. பழுதுபட்ட பழைய நாடாவுக்கு இத்தனை இடம் வீண் என்றார் பௌதிகவியல் நண்பர். பக்கம் மாறும் இடைவெளிகளையும் அம்மானின் குரலையும் வெட்டிவிட்டால் கச்சேரி செம்மையாக இருக்கும் என்றும் ஆலோசனை கூறினார். நான் எதனையும் வெட்டவில்லை. கோயில் மணியும், கடலை விற்பவரின் கூவலும், சனங்களின் ஆரவாரமும், “சுத்துதோ பார்” என்ற குரலும் அந்த இரவுக்கு உரியன. எது வேண்டியது, எது வேண்டாதது என்று தீர்க்கும் உரிமை எனக்கு மாத்திரம் உரியதன்று. நாளை கேட்கப்போகும் ஆராய்ச்சியாளனுக்கும் அவ்வுரிமை உண்டு.

கொள்ளளவு இசையின் வடிவத்தையே நிருணயித்தது என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய பத்து அங்குல இசைத்தட்டு மூன்று நிமிடமளவே பாடும். விரிவான ஆலாபனையும் அதற்குள் ஒடுங்கவேண்டியிருந்தது. 1948இல் வந்த நீண்ட நேர இசைத்தட்டு ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இடம் தந்தது. 1963இல் பிலிப்ஸ் அறிமுகஞ் செய்த கசற்றோ, சாதாரண இரசிகன் கையிலும் பதிவு செய்யும் வல்லமையைக் கொடுத்தது. அந்த வரிசையிலே வந்த பெருங் கொள்ளளவுக் கருவியின் மெய்யான பயன், நீண்டதைத் துண்டாடாது வைத்திருத்தலும், பிறருக்குச் சிறிதெனத் தோன்றுவதை வீசிவிடாது காத்தலுமே ஆகும். திரைப்பாடல்களை இன்று கைத்தொலைபேசி மூலம் எவரும் எங்கும் பெறலாம். அம்மானின் இரவுகளை அங்கே பெறமுடியாது. ஆயிரமாயிரம் பாடல்களை உடையோரை உசாவிப் பாருங்கள். அவர்கள் இழக்க அஞ்சுவது அவற்றுள் ஒரு சிலவற்றையே.

ஆயினும் கொள்ளளவு வேறு, பாதுகாப்பு வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். பிஸ்கற் தகரமானாலும் வன்தட்டானாலும், ஒரே இடத்தில் இருப்பது ஒரே நாளில் அழியலாம். அதனால் அப்பதிவுகளின் பிரதிகளை மூன்று வீடுகளில், இரண்டு நாடுகளில் வைத்திருக்கின்றேன்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலுமாரிகளிலே இன்னும் கசற்றுகள் கிடக்கலாம். பாட்டியாரின் ஒப்பாரியோ, ஊர்க் கூத்தோ, தகப்பனார் வெளிநாட்டிலிருந்து பேசி அனுப்பிய கடிதமோ அவற்றுள் இருக்கலாம். எமது ஈரலிப்பான காலநிலையிலே நாடா பூஞ்சணம் பிடிக்கும். அதன் காந்தப் பூச்சும் காலத்தால் உதிரும். அவற்றை ஓட்டிக் காட்டும் கருவிகளும், அவற்றைப் பழுதுபார்ப்போரும் அருகி வருகின்றனர். இடம் போதாது என்ற காரணத்தை இனி எவரும் சொல்ல முடியாது. வருகின்ற விடுமுறையில் வீடு செல்லும்போது அலுமாரியைத் திறந்து பாருங்கள்.