ஏற்றி விட்டவர்களும் இறங்கிய இடமும்

தெமோதரைப் புகையிரத நிலையத்துக்கு வருவோர் முதலிற் கேட்கும் கதை ஒரு தலைப்பாகையைப் பற்றியது. செங்குத்தான மலைச் சரிவிலே இருப்புப் பாதையை எவ்வாறு இறக்குவதெனத் திகைத்து நின்ற பொறியியலாளர் ஒருவர், தோட்டத்துக் கங்காணி தன் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டுவதைக் கண்டாராம். வளையப் பாதையின் எண்ணம் அதிலிருந்தே பிறந்ததாம். கதை மெய்யோ பொய்யோ, பதுளைக்குப் புறப்படும் கோச்சி மலையை ஒருமுறை வலம் வந்து, தான் விட்டுப் புறப்பட்ட நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்துள் நுழைவது மெய். 1924ஆம் ஆண்டு பதுளை வரை நீண்ட இப்பாதை தேயிலையைக் கொழும்புக்குக் கொண்டு சென்றது. பின்னொரு காலத்தில் தேயிலையை நட்டவர்களையும் கொண்டு சென்றது.

1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974ஆம் ஆண்டின் உடன்படிக்கை இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரித்தது. தலைமன்னாரை நோக்கிச் சென்ற அந்த வண்டிகளுக்கு மலையக மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. தெமோதரைத் தோட்டத்து லயமொன்றில் வாழும் மூதாட்டி ஒருத்தி, தன் ஒரே தம்பியை அவ்வாறு ஏற்றி விட்டவள். தம்பியின் குடும்பம் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் குடியேறியது. அங்கும் தேயிலைதான்.

அம்மூதாட்டியின் பேரனைப் பற்றியது இக்கட்டுரை. அவன் உயர்தரம் படித்து முடித்தவன். தோட்டத்து உதைபந்தாட்ட அணியின் வலப்புறத் தற்காப்பாளன். அப்பாயியின் தம்பி பேரன் கோத்தகிரியில் இருக்கின்றான், முறைக்கு மச்சான். இருவரும் ஒருவரையொருவர் நேரிற் கண்டதில்லை. கைத்தொலைபேசிதான் பாக்குநீரிணையைக் கடந்து அவர்களைப் பேச வைத்தது. பேச்சு பெரும்பாலும் பந்தைப் பற்றியதே.

மச்சான் அக்காலத்தில் ஓர் அணியின் மேற் பித்தாக இருந்தான். அது சென்னை சிற்றி உதைபந்தாட்டக் கழகம். தன் தொடக்கம் 1946 எனக் கூறிக்கொண்ட அக்கழகம் நெடுங்காலம் சென்னையின் உள்ளூர்ப் போட்டிகளில் ஆடி வந்தது. 2016-17 பருவத்தில் அதற்கு இந்தியாவின் ஐ-லீக்கில் இடம் கிடைத்தது. பெயரோ சென்னை; ஆயினும் அடுத்த பருவத்திலேயே அது கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கைத் தன் தாய்மைதானமாக்கிக் கொண்டது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாகப் பேருந்தில் இறங்கினால் மச்சானும் ஆட்டம் பார்க்கலாம். “கூட்டத்துல நிக்கிறப்ப எவனும் நம்மளச் சிலோன்காரன்னு பாக்க மாட்டான், மச்சான்” என்று ஒருமுறை அவன் சொன்னதாக இவன் நினைவுகூர்வான்.

முதலிரு பருவங்களிலும் அணி அட்டவணையின் கீழ்ப்பாதியிலேயே கிடந்தது. 2018-19 பருவத்தில் அது எழுந்த விதம் வியப்புக்குரியது. பயிற்றுநர் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ். ஸ்பெயினின் ஆட்டமுறையில் வளர்ந்த சிலர் முன்வரிசையில் ஆடினர். எட்வின் சிட்னி வான்ஸ்பால் போன்ற தமிழ்நாட்டு வீரர் அவர்களோடு தோள் சேர்ந்து ஓடினர். முன்னணி வீரரான பேத்ரோ மான்சி அப்பருவத்தில் மட்டும் 21 கோல்களைப் போட்டார். 2019இன் தொடக்கத்தில் சுவிற்சர்லாந்தின் பாசல் கழகம் இதன் 26 சதவீதப் பங்கை வாங்கியது. ஐரோப்பாவின் புகழ்மிக்க கழகமொன்று தமிழ்நாட்டு அணியொன்றைத் தேடி வந்த செய்தி கோத்தகிரியிலிருந்து தெமோதரைக்கு அன்றே வந்து சேர்ந்தது.

2019 மார்ச் 9, சனிக்கிழமை. பருவத்தின் கடைசி நாள். சென்னை சிற்றி கோயம்புத்தூரில் மினேர்வா பஞ்சாப்பை எதிர்த்தது. ஈஸ்ட் பெங்கால் அதே வேளையிற் கோழிக்கோட்டில் ஆடியது. இருவருக்குமிடையே இருந்தது ஒரேயொரு புள்ளி. தெமோதரை லயத்துக்குள் சமிக்ஞை சரிவர வராதாகையால், இவன் மேட்டிலுள்ள தேயிலை மலைக்கு ஏறி, கைத்தொலைபேசியை ஏந்தியபடி நின்றான். மூன்றாம் நிமிடத்திலேயே பஞ்சாப் கோல் போட்டது. மச்சானிடமிருந்து நெடுநேரம் எச்செய்தியும் இல்லை. இடைவேளைக்குப் பின் தண்ட உதையொன்றை மான்சி கோலாக்கினார். அதன் பின் தற்காப்பாளரான கௌரவ் போரா ஒன்றும், இறுதி நிமிடங்களில் இன்னொன்றும் அடித்தார். முடிவு 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் வென்றிருந்தது. எனினும் 42க்கு எதிராக 43 புள்ளிகளுடன் சென்னை சிற்றி வாகை சூடியது. ஐ-லீக்கை வென்ற முதல் தமிழ்நாட்டுக் கழகம் அதுவே. மச்சான் அனுப்பிய குரற்பதிவில் சொற்களே இல்லை, வெறும் ஆரவாரம். அதனை இவன் நெடுநாள் அழிக்காமல் வைத்திருந்தான்.

அந்த ஆரவாரத்துக்கு ஆயுள் குறைவு. 2020 சனவரியில் மான்சி யப்பானுக்குப் போய்விட்டார். மார்ச்சில் ஆசியக் கிண்ணப் போட்டியில் மாலைதீவின் மாசியா அணியுடன் ஆடிய சில நாட்களுள் கொள்ளைநோய் ஆட்டங்களை நிறுத்தியது. 2020-21 பருவம் முழுவதும் மேற்கு வங்காளத்திலேயே நடத்தப்பட்டது. அதுவே சென்னை சிற்றி ஐ-லீக்கில் ஆடிய கடைசிப் பருவம். அடுத்த பருவத்துப் பட்டியலில் அதன் பெயர் இல்லை. வாகை சூடி மூன்று ஆண்டுகள் கூட நிறையவில்லை. “யாருகிட்டப் போய்க் கேக்கிறதுன்னே தெரியல, மச்சான்” என்றான் கோத்தகிரியான். அவ்வினா தெமோதரையானின் நெஞ்சில் தைத்துக் கொண்டது. சீட்டு வாங்கியவர்கள், தொண்டை வறளக் கத்தியவர்கள், பேருந்தில் மலையிறங்கி வந்தவர்கள் - கழகம் தம்முடையதென எண்ணிய இவர்களில் எவருக்கும் அதனைப் போகவிடாமற் பிடித்து நிறுத்தும் உரிமை இருக்கவில்லை.

மான்சி சென்று சேர்ந்த கழகத்தைப் பற்றி இவன் தேடிப் படித்தான். யப்பானின் மேற்குக் கரையில், நெல்லுக்கும் பனிக்கும் பெயர்பெற்ற நீகாட்டா என்னும் ஊர். அங்குள்ள அல்பிரெக்ஸ் கழகத்தின் வேர் 1955இல் தோன்றிய உள்ளூர்க் கழகமொன்று. 1993இல் ஆட்டங்களைத் தொடங்கிய யப்பானியத் தொழின்முறைக் கூட்டிணைவு, கழகங்கள் நிறுவனத்தின் பெயரை விடுத்து ஊரின் பெயரைத் தாங்க வேண்டுமென விதித்திருந்தது. 2002 உலகக் கிண்ணத்துக்காக நீகாட்டாவில் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அமரும் அரங்கு எழுந்தபோது, இரண்டாம் பிரிவில் ஆடிய அணிக்காக அதை யார் நிரப்புவார் என்ற கேள்வி பிறந்தது. கழகத்தார் அயல்வட்டச் சங்கங்களின் வழியாக இலவச அனுமதிச் சீட்டுகளை வீடுவீடாகச் சேர்ப்பித்தனர். இலவசமாக வந்தோரில் பலர் பின்னர் பணங்கொடுத்து வந்தனர். 2003இல் அணி முதற் பிரிவுக்கு ஏறிற்று. 2005இல் சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 40,000க்கு மேற்பட்டோர் வந்தனர். 2017இல் அது மீண்டும் இரண்டாம் பிரிவுக்கு வீழ்ந்தது. 2022இல் அப்பிரிவை வென்று திரும்பியது. வெற்றி பெற்றதால் மட்டும் அக்கழகம் நிலைக்கவில்லை. வீழ்ந்தபோதும் ஊரார் அதனைத் தம் வீட்டுப் பிள்ளை என்றே கருதினர்.

இந்த இரு கழகங்களின் வரலாறும் தெமோதரைப் பிரட்டுக்களத்தில் ஒரு மாலை தேவைப்படும் என அவன் எதிர்பார்த்திருக்க மாட்டான். 2022, நாடு பொருளாதார நெருக்கடியிற் சிக்கியிருந்த ஆண்டு. நாட்சம்பளம் 1,000 ரூபா. ஒரு நல்ல பந்தின் விலையோ பல நாட்பேரை விழுங்கும். அணியிடம் இருந்த ஒரே பந்து தையல் விட்டுக் கிடந்தது. அவ்வேளையில் வியாபாரி ஒருவர் முன்வந்தார். பந்து, சப்பாத்து, சீருடை, போக்குவரத்துச் செலவு யாவும் தருவதாகச் சொன்னார். அணி அவருடைய கடையின் பெயரைத் தாங்க வேண்டும், பயிற்சி நகரத்தில், ஆட்டக்காரரைத் தெரிவதும் அவரே. இவையே நிபந்தனைகள்.

“காசுள்ளவரு தானா வாறாரு. நாம ஏன் வேணாங்கணும்?” என்றார் அணித் தலைவர். பலர் தலையசைத்தனர். அவர்களைக் குறைகூற இயலாது. வெறுங்காலுடன் ஆடியவர்கள் அவர்கள்.

“சாமான வாங்கிக்குவம், அண்ணே. பேர மட்டும் நாமளே வச்சிக்கிறம்னு கேட்டுப் பாப்பம்” என்றான் இவன்.

கேட்டார்கள். வியாபாரி சினக்கவில்லை. பெயர் இல்லாவிடின் தமக்கு இதில் என்ன பயன் என்று நியாயமாகவே வினவினார். முடிவு சொல்ல ஒரு கிழமை தவணை கொடுத்தார்.

அன்றிரவு அடுப்படியில் அவன் நடந்ததைக் கூறியபோது, அப்பாயி பந்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நெடுநேரம் கழித்து, “எந்தம்பி போனப்ப ஏத்தி விட எல்லாருந்தான் வந்தாங்க. மாலையெல்லாம் போட்டாங்க. எறங்கின எடத்துல யாரு வந்து பாத்தா, ராசா?” என்றாள்.

அதனை அவன் கூட்டத்தில் அப்படியே சொன்னான். கோயம்புத்தூர்க் கழகத்தின் கதையையும் சொன்னான். நீகாட்டாவின் கதையையும் சொன்னான். பதினொருவர் அவன் பக்கமும் எழுவர் மறுபக்கமுமாகப் பிரிந்தனர். மாதம் தலைக்கு 100 ரூபா சந்தா என முடிவாயிற்று.

இதனை ஒரு வெற்றிக் கதையாக முடித்துவிட்டால் அது உண்மையாகாது. அணியின் மிகச் சிறந்த இருவர் வியாபாரியின் புதிய அணிக்குச் சென்றனர். அவர்கள் இன்று நல்ல சப்பாத்தணிந்து ஆடுகின்றனர். எஞ்சியோர் அடுத்த சுற்றுப்போட்டியின் முதலாட்டத்திலேயே தோற்றனர். தொழிற்சாலைக்கு மேலேயுள்ள மைதானமும் அவர்களுடையதன்று. கம்பனி நினைத்தால் அதிலும் தேயிலை நடலாம். இருநூறு ஆண்டுகளாக மலையகத்தார் பண்படுத்திய மண்ணில் பெரும்பகுதி அவர்தம் பெயரில் எழுதப்படவில்லை. ஆகவே பெயர் ஒன்றையாவது தம் கையில் வைத்திருக்க அவர்கள் கொடுத்த விலை பேதைமை எனத் தோன்றலாம். அப்படித்தானா என்பதை ஓர் ஆட்டத்தின் முடிவு தீர்மானிக்காது.

புதிய பந்து பிள்ளைக் காம்பராவின் அலுமாரியில் இருக்கின்றது. அருகில் சந்தாப் புத்தகம். பதினெட்டுப் பேர் எழுதத் தொடங்கிய அதில் இப்போது இருபத்துமூன்று பெயர்கள் உண்டு. கொழும்புக் கடைகளில் வேலை செய்வோர் அனுப்பும் பணமும் வரவு வைக்கப்படுகின்றது. கடைசிப் பெயருக்கு எதிரே கையெழுத்து இல்லை. பெருவிரல் அடையாளம் இருக்கின்றது. ஓர் ஆட்டத்தையேனும் முழுமையாகப் பார்த்திராத அந்த அப்பாயி, மாதந்தோறும் தவறாமற் கட்டி வருகின்றாள்.