ஆத்தங்குடி விரிக்கும் கல் கம்பளம்

காரைக்குடியின் கடைத்தெருக்களைத் தாண்டியதும் செம்மண் தொடங்கிவிடுகிறது. ஆங்காங்கே பனை, கருவேலம், மழைக்குக் காத்திருக்கும் கண்மாய். அறுவடை முடிந்த வயல்களில் கீதாரிகள் கிடை போடுவார்கள். இரவு முழுக்க ஆடுகள் அங்கே அடைந்து கிடக்க, புழுக்கையும் மூத்திரமும் அடுத்த வெள்ளாமைக்கு உரமாகும். செட்டிநாடு என்னும் இந்தச் சீமையின் ஆடு ராமநாதபுரம் வெள்ளை. கறிக்காக வளர்ப்பது, கம்பளி நெய்ய உதவாது. முரட்டுக் கம்பளிக்கு உரோமம் தரும் திருச்சி கருங்குறும்பை ஆடுகள் மேய்வது வடக்கே, பெரம்பலூர்ப் பக்கம்.

ஆனாலும் செட்டிநாட்டு வீடுகளில் கம்பளம் உண்டு. அதைச் செய்கிற ஊர் ஆத்தங்குடி.

காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய அரை மணி நேரப் பயணம். சின்ன ஊர்தான். கொட்டகைகளில் நடக்கும் டைல்ஸ் பட்டறைகளில் சூளையும் கிடையாது, பெரிய எந்திரமும் கிடையாது. தொழிலாளியின் முன்னால் ஒரு கண்ணாடித் துண்டு, அதன்மேல் சட்டம், சட்டத்துக்குள் பூவும் கொடியுமாக வளைத்த உலோக அச்சு. சிமெண்டில் கரைத்த சிவப்பு, மஞ்சள், பச்சைக் கலவையைச் சின்னக் கரண்டியால் அந்தந்த அறையில் ஊற்றுகிறார். அச்சை மேலே தூக்கும் நொடியில்தான் கைப்பழக்கம் தெரியும். கை கொஞ்சம் நடுங்கினாலும் ஒரு நிறம் இன்னொன்றில் கலந்துவிடும். பிறகு உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, மேலே ஈரக் கலவையை நிரப்பி மட்டம் செய்கிறார். காய்ந்த கல் சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறும். கண்ணாடி விலகும்போது அதன் வழவழப்பு கல்லின் முகத்தில் ஏறியிருக்கும்.

இந்த நுட்பம் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தோன்றியது. பர்மா, மலாயா, இலங்கை என்று கடல் கடந்து கொண்டுவிற்ற செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார்கள் பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, ஜப்பான் ஓடு எல்லாவற்றையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர்கள். அவர்கள் வீடு கட்டிய வேகத்தில், வெளிநாட்டுக் கல்லுக்குப் போட்டியாக உள்ளூர் மணலில் உள்ளூர்க் கல் பிறந்தது.

அது எப்படி விரிகிறது என்பதைப் பார்க்க ஆத்தங்குடிப் பெரிய வீட்டுக்குள் நுழைய வேண்டும். லெட்சுமி இல்லம் என்றும் அதற்குப் பெயர். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். அந்த நீளத்துக்குத் தரையும் ஓடுகிறது. நடுவில் பூக்கல், ஓரம் முழுக்கக் கரை. புடவைக்கு முந்தியும் கரையும் பார்ப்பதுபோல இதையும் பார்க்கலாம். கல்யாணத்துக்குச் சமுக்காளம் விரிப்பார்கள், பந்திக்குப் பாய் போடுவார்கள். விசேஷம் முடிந்ததும் அவற்றைச் சுருட்டிவிடலாம். இந்த விரிப்பைச் சுருட்ட முடியாது. சித்திரை வெயிலிலும் காலுக்குக் குளுமையாக இருக்கும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வெறுந்தரையில் தலைசாய்ப்பதற்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது நகரத்தார்களின் கடல் கடந்த வருமானம் அறுந்தது. பல வீடுகள் பூட்டப்பட்டன. சில வீடுகள் பிரிக்கப்பட்டு நிலையும் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்தன. செட்டிநாட்டுக்குத் தொண்ணூற்றாறு ஊர்கள் என்ற பழைய கணக்கு இன்று எழுபதுகளில் நிற்கிறது. 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. சில வீடுகள் இப்போது தங்கும் விடுதிகள்.

பட்டறைகளோ மூடவில்லை. மின்னும் விட்ரிஃபைட் டைல்ஸ் பெட்டி பெட்டியாகக் கடைக்கு வந்த பிறகும் சென்னையிலும் பெங்களூரிலும் வீடு கட்டுகிறவர்கள் ஆத்தங்குடிக்கு ஆர்டர் கொடுக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு சுருங்கினாலும் அதன் தரை வெளியூரில் விரிந்துகொண்டிருக்கிறது.

இரண்டு நாள் தங்குகிறவர்கள் அவசரப்பட வேண்டாம். காலையில் வெள்ளைப் பணியாரம், பிறகு ஒரு பட்டறை. மறுநாள் கானாடுகாத்தானின் அகன்ற தெருக்கள், சாயம் ஏற்றிய பனையோலையில் பின்னும் கொட்டான், காரைக்குடித் தறிகளில் நெய்யும் கண்டாங்கி. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை அது. மாலையில் ஊருணிப் படிக்கட்டில் உட்கார்ந்தால் போதும்.

கல் வாங்க நினைப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ஒவ்வொன்றும் கையால் ஊற்றுவது. பதித்த புதிதில் சற்று மங்கலாகத் தெரியும், புழங்கப் புழங்க மினுக்கம் கூடும். ஆசிட் மட்டும் ஊற்றக் கூடாது. ஈரத்துணியும், எப்போதாவது சில சொட்டுத் தேங்காய் எண்ணெயும் போதும்.