ஈரப்படி

செஞ்சி பஸ் நிலையத்தில் இறங்கும்போது காலை எட்டேகால். கார்த்திகை மாதம், முந்தின இரவு நல்ல மழை. திருவண்ணாமலை சாலையில் கோட்டை இரண்டு கிலோமீட்டர் போல இருக்கும். ஆட்டோவுக்கு 80 ரூபாய் கேட்டார்கள். மழை கழுவிவிட்ட பாறைக் குன்றுகளைப் பார்த்துக்கொண்டே நடந்துவிட்டேன். வழியில் டீ 12 ரூபாய். "படியெல்லாம் சுத்தமா இருக்கும் சார், வெறுங்காலோட ஏறலாம்" என்றார் கடைக்காரர்.

ஏறிப் பார்க்கத்தான் வந்திருந்தேன். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மராட்டியர் கோட்டைகள் 12 சேர்ந்த அந்தத் தொகுப்பில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். மற்ற 11 மகாராஷ்டிரத்தில். அங்கே ஞாயிறு தோறும் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகக் கோட்டை ஏறிப் புதர் வெட்டுகிறார்கள், பழைய குளங்களைத் தூர் வாருகிறார்கள். இங்கே மலைப்பாதையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

ஒன்பது மணிக்குக் கதவு திறந்தது. சீட்டு 25 ரூபாய். கோட்டைக் குன்றுகளில் ஒன்றான ராஜகிரியில் ஏறுவதென்றால் மாலை மூன்று மணிக்குள் ஏறத் தொடங்கிவிட வேண்டும். கல்யாண மகாலைத் தாண்டி அடிவாரத்துக்கு வந்தேன். கூடையில் கொய்யா வைத்திருந்த அம்மா மூன்று காயை 20 ரூபாய்க்குக் கொடுத்து, மிளகாய்ப்பொடியும் தூவினார். "மேல கமலக்கண்ணி அம்மன் இருக்கா தம்பி. சித்திரைத் திருவிழா வந்தா நாங்களே வெளக்கமாறு எடுத்துக்கிட்டு ஏறிடுவோம்" என்றார்.

ராஜகிரி உச்சி சுமார் 800 அடி. முதல் நூறு படி சுத்தமாகத்தான் இருந்தது. அடுத்த திருப்பத்தில் குப்பைத் தொட்டி. அதன் விளிம்பில் உட்கார்ந்து ஒரு குரங்கு பிளாஸ்டிக் பையை இழுத்துக் கிழித்துக்கொண்டிருந்தது. பிஸ்கட் உறை, ஜூஸ் பாட்டில், தயிர்சாதப் பொட்டலம் எல்லாம் சரிவில் உருண்டன. தொட்டியில் போட்ட குப்பையும் பாதைக்குத்தான் வருகிறது. மூடி போட்ட தொட்டி வைத்தால் பாதித் தொல்லை தீரும் என்று அங்கேயே தோன்றியது.

கொஞ்சம் மேலே, சாக்குப் பைகளோடு மூன்று கல்லூரிப் பையன்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு வருவார்களாம். ஒருவன் குத்துக்காலிட்டு, படியின் ஓரத்தில் கையை விட்டு அள்ளிக்கொண்டிருந்தான். அழுகிய இலை, கறுப்புச் சேறு, அதற்குள் நசுங்கிய பாட்டில், சிப்ஸ் பாக்கெட்டுகள். மேலே பாறையிலிருந்து கசிந்து வந்த மழைத்தண்ணீர் ஓரமாகப் போக வழியில்லாமல் படிமேல் ஏறி வழிந்துகொண்டிருந்தது. கல்லிடுக்கில் இருந்த மண்ணைக் கரைத்துக்கொண்டே போயிற்று. காலை வைத்தேன். கல் லேசாக ஆடியது.

"ஒரு சில்லு வெச்சு அடைச்சிடலாமே?"

"கல்ல தொடக் கூடாதுண்ணா. சட்டம் இருக்கு. அது தொல்லியல் துறை வேலை. குப்பை எடுக்கிறது மட்டும்தான் எங்க வேலை."

அவன் சொன்னது சரிதான். பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் தன்னிச்சையாகக் கை வைக்க 1958ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருவதில்லை. மேலே ஓரிடத்தில் படி இணைப்புகளில் புதுச் சுண்ணாம்புக் கலவை வெள்ளையாகத் தெரிந்தது. கற்களைப் பார்த்துக்கொள்ளத் துறை இருக்கிறது. ஆனால் சேறும் இலையும் ஒவ்வொரு மழைக்கும் வந்து அடைத்துக்கொள்கின்றன. அதற்கு ஓயாமல் கைகள் வேண்டும்.

செஞ்சி பாதுகாக்கப்பட்ட சின்னமானது 1921இல். அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைத்தொடர் நெடுக ஒரு நடைபாதை வேண்டும் என்று பென்டன் மெக்கே எழுதியதும் அதே ஆண்டில்தான். 1937இல் முடிந்த அந்தப் பாதை இன்று சுமார் 3,500 கிலோமீட்டர். அதைப் பராமரிப்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பாதைக்குக் குறுக்கே கல்லைச் சாய்வாகப் பதித்து மழைநீரைச் சரிவுக்குத் திருப்பிவிடுகிறார்கள். அடைத்த வடிகாலைத் தோண்டிவிடுகிறார்கள். இந்தப் பையன் செய்வதும் அதே வேலைதான். மலைப்பாதைக்கு முதல் எதிரி தேங்கி வழியும் தண்ணீர்.

உச்சிக்கு முன்னால் 24 அடி அகலப் பிளவு, ஆழம் 60 அடி. ஒரு காலத்தில் இங்கே தூக்குப்பாலம் இருந்தது. நிலையான பாலத்தில் இப்போது கடந்து போகிறோம். 1690 தொடங்கி 1698 வரை முகலாயப் படையைத் தடுத்து நிறுத்திய கோட்டை இது. ரங்கநாதர் கோயில் நிழலில் உட்கார்ந்தேன். எதிரே, மக்கள் ராணிக்கோட்டை என்று சொல்லும் கிருஷ்ணகிரி. இன்னொரு பக்கம் சந்திரகிரி. மூன்றையும் வளைத்துக்கொண்டு சுமார் 13 கிலோமீட்டர் மதில். எட்டாண்டு முற்றுகையைத் தாங்கிய மலையில் ஒரு சிப்ஸ் பாக்கெட் படியை ஆட்டிவைப்பதை நினைக்க மனசு தாங்கவில்லை.

இறங்கும்போது வழியில் கிடந்த பிளாஸ்டிக் பாட்டில்களைப் பொறுக்கி என் பையில் போட்டுக்கொண்டேன். ஒன்பது தேறியது. பையன்கள் நான்கு சாக்குகளைக் கட்டி முடித்திருந்தார்கள். அந்தப் படிக்கு வந்ததும் நின்றேன். தண்ணீர் ஓரமாக, தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. கல் இன்னும் ஆடத்தான் செய்தது. ஆனால் காலையில் நனைந்திருந்த படி காய்ந்திருந்தது.