அடுத்தவர் கணக்கில் டெபாசிட்

இடுப்பளவு உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று நிற்கும் பயிரை அறுக்காமல் அப்படியே சேற்றில் மடக்கி உழுவதைப் பார்த்திருக்கிறீர்களா? சிதம்பரத்திலிருந்து கிள்ளை போகும் வழியில் முதன்முதலாகப் பார்த்தபோது, பி.காம் படித்த எனக்கு 'அடடா, நஷ்டமாச்சே!' என்றுதான் தோன்றியது.

"இது விக்கிறதுக்கு இல்ல சார், நிலம் திங்கிறதுக்கு" என்று சிரித்தார் வயல்காரப் பெரியவர்.

அது தக்கைப்பூண்டு. சம்பா நடவுக்கு முன்னால் ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45 நாளில் பூக்கத் தொடங்கும்போது உழுதுவிட வேண்டும். வேர் முடிச்சுகளில் இருக்கும் பாக்டீரியா, காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துக் கொடுத்துவிடும். மட்கிய தழை மண்ணைப் பொலபொலப்பாக்கும். உப்பையும் தாங்கி வளரும்.

உப்பின் கொடுமை இந்தக் கரைக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர், நாகப்பட்டினம் கரையோர வயல்களுக்குள் கடலே வந்துவிட்டது. மழை கொஞ்சம் கழுவியது. களிமண்ணைப் பிடித்துக்கொண்ட சோடியத்தை ஜிப்சத்திலிருக்கும் கால்சியம் தள்ளிவிடும்; தண்ணீர் கட்டி வடித்தால் அது வெளியேறும். நாகைப் பக்கம் நம்மாழ்வார் பசுந்தாள் உரத்தை நம்பி நிலத்தை மீட்கும் வேலையில் இறங்கினார். மறுபடி நெல் விளைந்தது.

இவ்வளவு நல்லதென்றால் எல்லாரும் ஏன் விதைப்பதில்லை? பெரியவரிடமே கேட்டேன். பக்கத்து வயலைக் காட்டினார்.

"அது குத்தகை சார். எல்லாம் வாய்ப்பேச்சுதான். அடுத்த வருஷம் யார் கையில இருக்குமோ? அந்தப் புள்ள எதுக்கு 45 நாள் தண்ணியும் உழவுக்கூலியும் செலவு பண்ணும்?"

எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால், யூரியா கைச்செலவுக் காசு. போட்டதும் இந்தப் போகத்திலேயே பச்சை காட்டும். தக்கைப்பூண்டு டெபாசிட். மண் வளமாகச் சில வருஷம் பிடிக்கும். அடுத்தவர் கணக்கில் யார் டெபாசிட் போடுவார்கள்? குடியிருக்கிற வாடகை வீட்டுக்குச் சொந்தக் காசில் நீங்களும் நானும் பெயின்ட் அடித்திருக்கிறோமா, என்ன?

நகரத்தில் உட்கார்ந்துகொண்டு 'விவசாயிக்கு இயற்கை உரத்தோட அருமை தெரியலை' என்கிறோம். நம்மில் சிலருக்கு ஊரில் ஓர் ஏக்கரோ ரெண்டு ஏக்கரோ குத்தகையில் இருக்கிறது. இருந்தால், அடுத்தமுறை போகும்போது உழுகிறவரிடம் "ஐந்து வருஷத்துக்கு நீங்களே பாருங்க" என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள்.

தக்கைப்பூண்டு விதையை அவரே வாங்கிக்கொள்வார்.