வெள்ளக்கோட்டுக்கு மேலே எத்தனை அடி?

ஆலப்புழை ஜெட்டியிலிருந்து கிளம்பும் அரசுப் படகு கைநகரிப் பக்கம் திரும்பியதும் புதிதாக வருகிறவருக்குக் கொஞ்சம் தலை சுற்றும். தண்ணீர் மேலே இருக்கிறது, வயல் கீழே கிடக்கிறது. தென்னைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தால், படகு போகும் மட்டத்துக்கு வெகுவாகத் தாழ்ந்து நெற்பயிர் அசைகிறது. குட்டநாட்டில் கடல் மட்டத்துக்கு 2 மீட்டர் கீழே உள்ள வயல்களும் உண்டு. மூங்கிலையும் தென்னையையும் குற்றிகளாக அடித்து, வேம்பநாட்டுக் காயலில் முங்கி அள்ளிய சேற்றால் பண்டு எழுப்பி, உள்ளே இருந்த தண்ணீரை இறைத்து வெளியேற்றி மீட்ட நிலம் இது.

சுற்றுலாக்காரர்கள் கேமராவை எடுக்கிறார்கள். இங்கேயே வீடு கட்ட வேண்டியவர் டேப்பை எடுக்கிறார்.

நான் இறங்கிய படித்துறைக்கு அருகே, பண்டின் உட்சரிவில் ஒரு பழைய வீடு. முன்சுவரில் ஜன்னலின் கீழ் விளிம்பை ஒட்டி நீளமாக ஒரு காவிக் கறை. 2018 ஆகஸ்ட் வெள்ளம் விட்டுச் சென்றது. வீட்டுக்குப் பிறகு எத்தனையோ முறை வெள்ளையடித்தாயிற்று. அந்த ஒரு சாண் அகலத்தை மட்டும் வீட்டுக்காரர் தொடவிடவில்லை. பக்கத்தில் எழும்பப்போகும் புது வீட்டுக்கு அதுதான் அளவு. கறைக்கு மேலே ஓர் அடி போதும் என்கிறார் அவர். மூன்றடி வேண்டும் என்கிறார் மேஸ்திரி. உள்ளேயிருந்து அம்மச்சி கணக்கை இன்னும் பின்னால் இழுக்கிறார். இந்தப் பகுதியில் வயதானவர்களுக்கு வெள்ளம் என்றால் ‘தொண்ணூற்றொன்பது’தான். கொல்லம் ஆண்டு 1099, அதாவது 1924. அதை நேரில் பார்த்தவர்கள் இன்று இல்லை. ஆனால் மாமியார் சொன்னது மருமகளுக்கு நினைவிருக்கிறது.

சுவரில் உள்ள கோடு பொய் சொல்லாது. ஆனால் முழுக்கதையையும் சொல்லாது. பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் என்று ஆறுகள் மலையிலிருந்து இறங்கி இங்கேதான் வந்து சேருகின்றன. இதற்குக் ‘கிழக்கன் வெள்ளம்’ என்று பெயர். வருவது ஒரு பிரச்சினை, போவது அதைவிடப் பெரிய பிரச்சினை. வெள்ளத்தைக் கடலில் தள்ளுவதற்காக 1955-இல் தோட்டப்பள்ளியில் ஸ்பில்வே கட்டினார்கள். ஷட்டர்கள் தயாராக இருந்தும், அங்கே தண்ணீரைக் கொண்டுபோகும் கால்வாய்க்குப் போதிய அகலமும் ஆழமும் இல்லை. கடல்வாயில் மணல் மேடு அடைத்துக்கொள்ளும். அதை வெட்டித் திறக்க வேண்டும். பூர்வீகம் இங்குள்ள மங்கொம்பாகவும் பிறப்பு கும்பகோணமாகவும் கொண்ட எம்.எஸ். சுவாமிநாதனின் ஆராய்ச்சி நிறுவனம் 2007-இல் தந்த குட்டநாடு அறிக்கையும் அந்தக் கால்வாயைப் பற்றிப் பேசியது. கடலில் ஓதம் ஏறியிருக்கும் நேரமென்றால் வாய் திறந்திருந்தும் தண்ணீர் வெளியேறாது. ஆக, ஒரே அளவு மழை ஒரு வருடம் படியோடு நிற்கும். இன்னொரு வருடம் கட்டிலை மிதக்க வைக்கும்.

மேஸ்திரி அடுத்துக் கேட்ட கேள்விதான் எனக்குப் புதிது. இந்தப் பாடசேகரத்தில் இரண்டாம் பயிர் உண்டா?

பாடசேகரம் என்பது ஒரே பண்டுக்குள் அடங்கிய வயல்களின் கூட்டம். பயிர் இருக்கும்வரை மோட்டார் ஓடும். தண்ணீர் வெளியே நிற்கும். புஞ்சை அறுவடை முடிந்து, மழைக்காலத்தில் பயிர் வைப்பதில்லை என்று முடிவானால் மோட்டாருக்கும் ஓய்வு. வயல் நிரம்பும். உட்சரிவில் இருக்கும் வீடுகளின் முற்றமும் நிரம்பும். பெரிய வெள்ளம் வரவேண்டும் என்றுகூட இல்லை. விவசாயிக்கு அது லாப நஷ்டக் கணக்கு. வயலே இல்லாத கூலிக்காரர் குடும்பத்துக்கு அது பல வாரங்கள் முழங்கால் தண்ணீரில் சமையல். முடிவெடுக்கும் கூட்டத்தில் அவர்களுக்கு நாற்காலி இருப்பதில்லை. பயிர் இருந்தாலும் பண்டு உடைந்தால் தீர்ந்தது. ‘மடைவீழ்ச்சி’ என்ற சொல்லைக் கைநகரியில் யாரும் சாதாரணமாக உச்சரிப்பதில்லை.

மண் கொட்டி மனையை உயர்த்தலாமே என்று கேட்டேன். மேஸ்திரி சிரித்தார். அடியில் இருப்பது களிச்சேறு. மேலே எவ்வளவு பாரம் ஏற்றுகிறோமோ அவ்வளவு அமுங்கும். மூன்றடி உயர்த்திக் கட்டிய வீடு சில வருடங்களில் அந்த உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துவிடும். போதாததற்கு, நிரப்பிய மனையிலிருந்து ஒதுங்கும் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். வசதியுள்ளவர்கள் பழைய வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள். 2018-க்குப் பிறகு கட்டிய பல வீடுகள் தூண்கள்மேல் நிற்கின்றன. வெள்ளம் அடியில் புகுந்து அதன் வழியே போய்விடும். இதுதான் புத்திசாலித்தனம் என்று எனக்குப் படுகிறது. ஆனால் கழிப்பறைத் தொட்டி தரையோடு இருந்தால் வீடு நனையாவிட்டாலும் குடியிருக்க முடியாது. அதையும் உயர்த்த வேண்டும் என்பது கட்டி முடித்த பிறகுதான் பலருக்குத் தோன்றுகிறது.

தூண் வீட்டுக்கு வீட்டுக்காரரும் அரைமனதாகச் சம்மதித்திருக்கிறார். அம்மச்சிதான் இன்னும் இறங்கி வரவில்லை. பத்துப் படியை இந்த முழங்கால் எப்படி ஏறும், பசுவை எங்கே கட்டுவது என்று இரண்டு கேள்விகள். பசுவுக்குப் பண்டின் உச்சியில் இடம் பார்த்திருக்கிறார்கள். முழங்காலுக்குப் பதில் இல்லை.

திரும்பும் படகு தூரத்தில் தெரிந்தபோது வீட்டுக்காரரும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பாடசேகரக் கமிட்டிக்காரரைப் பார்க்க வேண்டுமாம். கடந்த பத்து வருடங்களில் எத்தனை வருடம் இரண்டாம் பயிர் வைத்தார்கள், மோட்டார் எத்தனை முறை நின்றது என்று கேட்டு எழுதிக்கொண்டு வரப் போகிறார். அதுவரை தூணுக்குக் கம்பி வாங்க வேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டார்.