சுரண்டாத ரோடும் தாடிக்கொம்புத் தூணும்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ‘தாடிக்கொம்பு’ என்று டிக்கெட் கேட்டதும் கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அஷ்டமிக்கா சார்?”

தேய்பிறை அஷ்டமியன்று தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் கூட்டம் அள்ளும். அங்கே இருக்கிற சொர்ண ஆகர்ஷண பைரவரைக் கும்பிட்டால் கடன் தீரும் என்று நம்பிக்கை. என் முகத்தில் கடன்காரக் களை தெரிந்திருக்கிறது. (பி.எஃப். லோன் போட்டவன் முகம் வேறு எப்படி இருக்கும்?)

“இல்லைங்க, சித்தப்பாவைப் பார்க்க” என்றேன். கண்டக்டருக்கு ஏமாற்றம். டிக்கெட்டைக் கிழித்துக் கையில் திணித்துவிட்டு நகர்ந்தார்.

இது 2023 புரட்டாசியில் நடந்த கதை. கரூர் ரோட்டில் பத்து கிலோமீட்டருக்குள் ஊர் வந்துவிடுகிறது. தாடிக்கொம்பும் ஒரு பேரூராட்சி. முழு நகரமும் இல்லை, முழு கிராமமும் இல்லை. பேன்ட்டுக்கு மேல் துண்டு போட்ட மாதிரி இப்படி 490 ஊர்கள் தமிழ்நாட்டில் இருந்தன, 2022 உள்ளாட்சித் தேர்தல் கணக்குப்படி.

சித்தப்பா ரிடையர்டு ஓவர்சியர். வெளி மாவட்டங்களில் பேரூராட்சி பேரூராட்சியாக முப்பது வருஷம் டேப் பிடித்தவர். ரிடையரானதும் இங்கே வந்து செட்டில் ஆகிவிட்டார். அவரைத் தேடிப் போனதற்குக் காரணம் பாசம் என்று சொன்னால் அவரே நம்ப மாட்டார்.

விஷயம் இதுதான். என் சொந்த ஊரும் ஒரு பேரூராட்சி. வேறு மாவட்டம். பெயர் வேண்டாம், அம்மா இன்னும் அங்கேதான் குடியிருக்கிறாள். அப்பா கட்டிய வீட்டுக்கு மூன்று படி ஏறிப் போகவேண்டும். அதாவது, போகவேண்டியிருந்தது. ஒரு தடவை சிமென்ட் ரோடு போட்டார்கள், ஒரு படி காணாமல் போனது. மறுபடி போட்டார்கள், இன்னொரு படி போச்சு. மூன்றாவது தடவை போட்டபிறகு, தெருவிலிருந்து வீட்டுக்குள் ‘இறங்கி’ப் போகிறோம். மழை பெய்தால் தெருத் தண்ணீர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே பூஜை அறைக்குப் போகிறது. போன மழையில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. இந்த லட்சணத்தில் நாலாவது ரோட்டுக்கு எஸ்டிமேட் தயாராகிறது என்று தகவல்.

“இதை எப்படி நிறுத்துறது சித்தப்பா?”

“ரோட்டை ஏன்ப்பா நிறுத்தணும்? வா, கோயிலுக்குப் போயிட்டு வருவோம்” என்று செருப்பை மாட்டினார்.

குடகனாற்றங்கரையில் கோயில். ஆறு மலையிலிருந்து இறங்கி, வடக்கே போய் அமராவதியில் சேர்கிறது. நான் பார்த்த அன்று ஆற்றில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது. “சிரிக்காதே” என்றார் சித்தப்பா. “1977-ல இதே ஆறுதான் வேடசந்தூர் பக்கம் இருக்கிற அணையை உடைச்சிட்டு ஓடுச்சு. மண் அணை. தண்ணி மேல ஏறி வழிஞ்சது, அம்புட்டுதான். தண்ணிக்கு நம்ம எஸ்டிமேட்டெல்லாம் தெரியாதுப்பா, பள்ளம் மட்டும்தான் தெரியும்.”

எனக்கு எங்கள் வீட்டுப் பூஜை அறை ஞாபகம் வந்தது.

ரங்க மண்டபத்துக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. விஜயநகர காலத்து வேலைப்பாடு. தூண் தூணாக ஆளுயரத்துக்கும் மேலே சிற்பங்கள்: ஒரு காலை விண்ணுக்குத் தூக்கிய உலகளந்த பெருமாள், இரணியனை மடியில் போட்ட நரசிம்மர், வீரபத்திரர், எதிரும் புதிருமாக ரதியும் மன்மதனும். நான் ரதியையே பார்த்துக்கொண்டிருந்தேன். (கலை ஆர்வம் சார், வேறொன்றுமில்லை.) சித்தப்பா குனிந்து தூணின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓவர்சியர் புத்தி!

“தம்பி, இவ்வளவு கனத்தைத் தாங்கி நிக்கிது பாரு. நம்ம ரோட்டுல எது தெரியாதோ அதுலதான் கைவைப்பாய்ங்க. மேல பூச்சு பளபளன்னு இருக்கும். கனம்? எவனும் தோண்டிப் பார்க்க மாட்டான்.”

வெளிப் பிராகாரத்தில் உட்கார்ந்து, அர்ச்சனைத் தேங்காய் மூடியைத் தரையில் வைத்து எனக்குப் பாடம் நடத்தினார்.

“நூறு மீட்டர் நீளம், மூணு மீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் கனம். எத்தனை கனமீட்டர்?”

“முப்பது” என்றேன். பி.காம். ஆயிற்றே!

“எட்டு சென்டிமீட்டர் போட்டா?”

“இருபத்து நாலு.”

“பாக்கி ஆறு எங்க போச்சு? ரெண்டு சென்டிமீட்டர்னா சுண்டுவிரல் நகம் மாதிரி தெரியும். ஆனா அஞ்சுல ஒரு பங்கு கான்கிரீட்டுப்பா! எம்-புக்ல பத்துன்னு ஏறிட்டா பத்துதான். எம்-புக் எழுதினபிறகு பிரம்மா வந்தாலும் மாத்த முடியாது.”

எம்-புக் என்பது அளவுப் புத்தகம். செய்த வேலையை அளந்து இன்ஜினீயர் அதில் குறிப்பார், அதை வைத்துத்தான் பில். அதற்கு முன்னால் வேலைக்கு எஸ்டிமேட், மன்றத்தில் தீர்மானம், பிறகு டெண்டர். டெண்டருக்குத் தமிழில் ஒப்பந்தப்புள்ளி என்று பெயர். பெரும்புள்ளிகள் மட்டும் போடுவது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் இதற்கென்று 1998-லேயே தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்துவிட்டது. வெளிப்படையாக விளம்பரம் கொடுக்கவேண்டும், 2 கோடி வரையிலான வேலைக்குப் பொதுவாகக் குறைந்தது 15 நாள் அவகாசம் தரவேண்டும், போட்டவர்கள் முன்னாலேயே பிரிக்கவேண்டும். சட்டம் கச்சிதம்தான். ஆனால் மூன்று பேர் டெண்டர் போட்டு, மூன்று பேரும் ஒரே டீக்கடையில் ஒரே பேனாவில் எழுதினால் சட்டம் என்ன செய்யும், பாவம்?

“மன்றத்துல கேட்க மாட்டாங்களா?”

சித்தப்பா சிரித்தார். “அஜெண்டாவுல அறுபது அயிட்டம் இருக்கும். கிளார்க் ரயில் வேகத்துல வாசிப்பாரு. வடை சூடா வரும். ‘ஒருமனதாக’ன்னு எழுதிட்டு மணியைப் பார்த்தா முக்கால் மணி நேரம். அதையாவது பரவாயில்லம்பேன். 2016 அக்டோபர்லேருந்து 2022 வரைக்கும் கவுன்சிலரே இல்லியே! தனி அலுவலர் தானே தீர்மானம் போட்டு, தானே ஒருமனதா நிறைவேத்துன காலம் அது.”

இந்த நாட்டுக்கு இதெல்லாம் புதுசும் இல்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டு பராந்தக சோழன் காலத்தது, 919, 921 என்று இரண்டு உண்டு. குடவோலை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதுதான். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவன் மட்டுமில்லை, அப்பன், பிள்ளை, மாமனார், மருமகன், மைத்துனன் என்று சொந்தக்காரப் பட்டியலே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். இப்போதும் கவுன்சிலர் தன் பேரில் காண்டிராக்ட் எடுத்தால் பதவிக்கு ஆபத்து. ஆனால் மச்சானை மறந்துவிட்டோம். சோழன் மறக்கவில்லை!

மேற்பார்வை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேலூர் சாட்சி. 2022 ஜூனில் அங்கே ஒரு தெருவில் ராத்திரியோடு ராத்திரியாக சிமென்ட் ரோடு போட்டார்கள். காலையில் பார்த்தால், நிறுத்தியிருந்த பைக்கின் சக்கரங்கள் கான்கிரீட்டுக்குள்! கொஞ்ச நாளில் அதே ஊரில் அடிபம்பையும் விட்டுவைக்கவில்லை. அதைச் சேர்த்துக் கால்வாய் கட்டினார்கள். ஊரே சிரித்தது. எங்கள் தெருவில் புதைந்தது படி என்பதால் யாரும் போட்டோ எடுக்கவில்லை.

கடைசியில்தான் சித்தப்பா மருந்தைச் சொன்னார். “2021 மே மாசம் தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு ஒரு உத்தரவு போட்டாரு. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புது ரோடு போடணும், உயரம் கூடக்கூடாதுன்னு. உங்க ஊர் எஸ்டிமேட்ல அந்த அயிட்டம் இருக்கான்னு மட்டும் கேளு. இருந்தா சுரண்டச் சொல்லு. இல்லாட்டி சேர்க்கச் சொல்லு. தீர்மானத்துக்கு முன்னாடி கேளு. ரோடு போட்டபிறகு கேட்டா, அதை ஒடைக்க இன்னொரு டெண்டர் விடுவாய்ங்க!”

“தர மாட்டேன்னு சொன்னா?”

“பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். தகவல் சட்டத்துல எஸ்டிமேட் நகல் மட்டுமில்ல, வேலையையே நேர்ல பார்க்கலாம், ஜல்லி சிமென்ட்ல சாம்பிள்கூட எடுக்கலாம். எங்க காலத்துல இல்லப்பா. இருந்திருந்தா எங்களுக்கே கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.”

அதைச் சொல்லும்போது மட்டும் அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் மேலே கேட்கவில்லை.

நவம்பரில் எங்கள் வார்டுப் பகுதி சபைக் கூட்டம். பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, நாற்பது பேர். கவுன்சிலரம்மா மேடையில், அவருடைய வீட்டுக்காரர் அவருக்கு முன்னால். நான் எழுந்து, நாக்கு உலர, “எஸ்டிமேட்ல பழைய ரோட்டைச் சுரண்டுற அயிட்டம் இருக்குங்களா?” என்றேன்.

பந்தல் கப்சிப். “சுரண்டல் அது இதுன்னு பேசாதீங்க சார்” என்று வீட்டுக்காரர் எகிறினார். கூட்டம் சிரித்துவிட்டது. அப்போது கவுன்சிலரம்மா, “நீங்க உட்காருங்க, இது என் வார்டு” என்று அவரை அமர்த்திவிட்டு, அலுவலரிடம் எஸ்டிமேட்டை வாங்கி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். ஆறாவது வரியில் விரல் நின்றது. இருந்தது! ரேட்டோடு இருந்தது.

தை மாசம் ஜே.சி.பி. வந்தது. தெருவில் பாதி தூரம் ஒழுங்காகப் பெயர்த்தார்கள்; அதற்கப்புறம் ஏதோ அவசரம். நல்லவேளை, எங்கள் வீடு ஒழுங்கான பாதியில் இருக்கிறது. மீதிப் பாதியில் இருப்பவர்கள் மனு எழுத என்னிடம் வருகிறார்கள். மூன்றாவது அடுக்கு பெயர்ந்தபோது, புதைந்துபோன எங்கள் படி ஒன்று வெளியே வந்தது. ஓரத்தில் அப்பா ஆணியால் கீறிய வருஷம் அப்படியே இருந்தது. அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்து, அதைத் தண்ணீர் விட்டுக் கழுவினாள்.

உடனே சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். முழுசாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

“சந்தோஷம்ப்பா. எம்-புக்ல எத்தனை மீட்டர் சுரண்டுனதா ஏறியிருக்கு, பாத்தியா?”